மாடி ஏறாத வாடிக்கையாளர்

எண்பதுகளில், மலேசியாவின் ஈப்போ நகரத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சின்ன பாரில் பரிமாறும் வேலை பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே ஒரு பாடகி வாத்தியக் குழுவோடு பாடுவார்.

இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் சூம்பிப்போன ஒருவர் ஊன்றுகோல்களோடு தனியாக வருவார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. படிக்கட்டுக்குக் கீழே தெருவோரமாக ஒரு காலிப் பெட்டியில் உட்கார்ந்து, ஊன்றுகோலில் விரலால் தாளம் தட்டியபடி கேட்பார். அவருக்கு பீரை நான் கீழே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

"நானும் டிரம் அடிக்கிறவரும் உங்கள மேல தூக்கிட்டுப் போறோம்ணே. மொதலாளியும் சரின்னுட்டாரு," என்றேன் ஒருநாள்.

"தாபாயா தம்பி, வேணாம். தூக்கிட்டுப் போனா எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. சன்னல மட்டும் தொறந்து வைலா, போதும்."

ஏர்கான் குளிர் போய்விடும் என்று முணுமுணுத்தாலும் முதலாளி ஒரு சன்னலைத் திறக்க விட்டார்.

அன்று பாடகி அந்தச் சன்னலில் எட்டிப் பார்த்து, "அண்ணே, ஒங்களுக்கு என்ன பாட்டு வேணும்?" என்று கேட்டார். மேலே இருந்தவர்களும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கா?" என்றார் அவர், என்னைப் பார்த்து. தலையைக் குனிந்துகொண்டார்.

பாடகி தாமாகவே ஒரு பாட்டைப் பாடினார். அவர் தலை நிமிராமல் முழுவதையும் கேட்டார். "நல்லா பாடுனாங்கன்னு சொல்லு. வாரேன்," என்று கிளம்பினார். அப்புறம் வரவே இல்லை.

"அந்த அண்ணன் ஏன் வர்றதில்ல?" என்று பாடகி பலமுறை கேட்டார்.

"தெரியலக்கா," என்றுதான் சொன்னேன். எனக்குத் தோன்றிய காரணத்தை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.