மச்சானை உதைத்த கால்

முருங்கை மரத்தில் ஏறி விழுந்தவனுக்கு ஊரில் அனுதாபம் கிடைக்காது. நாரந்தனையில் எனக்குக் கிடைத்தது மனைவியின் தமையன்.

இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்று மரத்தடியில் கிடந்து கத்தினேன். "கத்தாதையும். விறைப்பு. எழும்பி நிண்டா விட்டிடும்" என்று மச்சான் கக்கத்தில் கைகொடுத்து நிமிர்த்தினார். கால் நிற்கவில்லை. உடனே மோட்டார் சைக்கிளில் தனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவே என்னைச் செருகி, ஒரு குழியையும் தவறவிடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். முதுகில் அடிபட்டவனைப் பலகையில் அசையாமல் கிடத்தித்தான் கொண்டுவர வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது மச்சான் கூரையைப் பார்த்தார். அன்றே அவரை வெறுக்கத் தொடங்கினேன். படுத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான்.

முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புக் கயிறு, அறவில்லை, நசிந்திருக்கிறது என்றார் டொக்டர். வீக்கம் வற்றினால் சில இழைகள் விழிக்கலாம். தப்பிய இழைகள் புதுக் கிளை விட்டு, செத்தவற்றின் வேலையையும் பார்க்கலாம். திரும்பி வருவதில் பெரும்பங்கு முதல் மாதங்களிலேயே வந்துவிடும்.

"நடப்பனோ, டொக்டர்?"

"பாப்பம்."

அந்த ஒரு சொல்லோடு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கிடந்தேன். பெருவிரலுக்குக் கட்டளையிட்டேன், கெஞ்சினேன், தூஷணத்தாலும் பேசினேன். அது வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

வீட்டுக்கு வந்தபின் மச்சான் நயினாதீவு அம்மன் கோயில் விபூதியோடு வந்து என் பாதத்தில் பூசினார். கால் வெடுக்கென்று உதறி அவர் தாடையில் இடித்தது. மூக்குக்கண்ணாடி அலுமாரிக்குக் கீழே போனது. கால் வந்துவிட்டதென்று மனைவி கற்பூரம் கொளுத்தினாள், அம்மனுக்குப் பொங்கினாள், கனடாவிலுள்ள சொந்தங்களுக்கு அழைத்து அழுதாள்.

"வேணுமெண்டுதான் உதைச்சனீர்" என்றார் மச்சான்.

"ஓம்" என்றேன். எனக்கே தெரியாது. ஆனாலும் அந்தப் பெருமையை விட மனமில்லை.

அடுத்த நாள் கால்களுக்குப் பயிற்சி தரும் பிசியோ பிள்ளை வந்து, காலைத் தொட்டுத் தொட்டு உதறவைத்துக் காட்டினாள். "அண்ணை, இது நீங்கள் உதைச்சதில்லை. காயத்துக்குக் கீழ இருக்கிற முண்ணாண் மூளையைக் கேக்காமல் தானாச் செய்யிறது. உங்கட சொல்லுக்கு அசைஞ்சால்தான் நம்பலாம்."

பொங்கல் பானை இன்னும் கழுவியிருக்கவில்லை. எனக்குப் பயத்தில் வியர்த்தது. அதுவும் இடுப்புக்கு மேலே மட்டும்.

மச்சானுக்குத்தான் நிம்மதி. "அப்ப என்னில கோபமில்லை."

"கோபம் மேல்பக்கத்தில இருக்கு. அதுக்கு ஒண்டும் நடக்கேல்லை."

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் வலது பெருவிரல் அசைந்தது போலிருந்தது. யாரும் தொடவில்லை. என் கண்ணை நானே நம்பவில்லை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே சாட்சி, குசினி வாசலில் எனக்குச் சக்கரக் கதிரை ஏறப் பலகைப் பாதை அடித்துக்கொண்டிருந்த எதிரி. கூப்பிடாமல் இருக்கப் பார்த்தேன். ஏலவில்லை.

மச்சான் வந்து, என் கால் தன் தாடைக்கு எட்டாத தூரத்தில் குந்தினார்.

"ஆட்டும்."

ஆடியது.

"சும்மா துடிப்பாயிருக்கும். நான் சொல்லேக்க மட்டும் ஆட்டும்" என்றவர் வாயை மூடிக்கொண்டார். நெடுநேரம் சொல்லவேயில்லை. வேண்டுமென்றே. விரல் அசையாமல் காத்திருந்தது.

"இப்ப."

ஆடியது.

சுத்தியலைப் போட்டுவிட்டு எழும்பினார். "பொறும், தங்கச்சிக்கு நான் சொல்லுறன்" என்று தெருவுக்கு ஓடினார். என் விரல் ஆடிய செய்தியை என் மனைவிக்கு நான் சொல்லக்கூட அந்த மனிதர் விடவில்லை.