ஏழாம் இலக்கப் பங்கேற்பாளர்

சென்ற ஞாயிறு என்னை ஒரு சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். காணி உறுதிக்கு அல்ல. கல்யாணப் பதிவுக்கும் அல்ல. ஒரு தாயும் மகளும் பேசிக்கொள்வதற்கு!

பழுகாமத்தில் என் அக்கா இருக்கிறார். அவருடைய ஒரே மகள் தர்ஷி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறி, இப்போது ஆஸ்திரேலியாவில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். நாலு வருடத்துக்குப் பிறகு போன கிழமைதான் வந்தாள். வயல் வேலையில் பெண்கள் – இதுதான் ஆய்வு. காலையில் 'ஃபீல்ட் வேர்க்' என்று பையைத் தூக்கிக்கொண்டு போவாள், பொழுதுபட வருவாள். மத்தியானச் சோற்றை மூடிவைத்துவிட்டு அக்கா வாசல் படலையைப் பார்த்தபடி இருப்பார்.

ஞாயிறு, பேட்டிக்கு அக்காவின் முறை. முற்றத்து வேம்பின் கீழ் மூன்று பிளாஸ்டிக் கதிரைகள். அக்கா நல்ல சேலை உடுத்து, தலை வாரி, போட்டோவுக்கு இருப்பதுபோல் நிமிர்ந்து இருந்தார். நடுவில் போன், பதிந்துகொண்டிருந்தது. வாவிக் காற்று தாள்களைக் கிளப்பப் பார்த்தது... நான் கையால் அமுக்கிக்கொண்டேன். சாட்சியின் முதல் வேலை.

தர்ஷி சம்மதப் படிவத்தை வாசித்தாள். "பங்கேற்பாளர் விரும்பினால் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். காரணம் கூறத் தேவையில்லை."

"ஆரு பங்கேற்பாளர்?"

"நீங்கதான் அம்மா."

"சரி, கேளு புள்ள."

"அறுவடை நேரத்தில பெண்கள் என்னென்ன வேலை செய்வாங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "நீயும்தானே எனக்குப் பின்னால கதிர் பொறுக்கித் திரிஞ்ச. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அம்மா. நீங்க உங்கட வாயால சொல்லணும்."

சொன்னார். விடிய முந்தி வயல் வட்டைக்குப் போவது, வெட்டின கதிரைக் கட்டுவது, மழை இறங்க முந்தி நெல்லை அள்ளுவது... சொல்லச் சொல்ல முகம் மலர்ந்தது. மகள் இவ்வளவு நேரம் காது கொடுத்து எத்தனை காலம்!

கடைசியில் கையெழுத்து. பேனையைப் பிடித்த அக்கா தாளின் மூலையில் கண்ணை நிறுத்தினார்.

"இதென்ன ஏழு?"

"உங்கட பேர் வராது அம்மா. ஏழாம் இலக்கப் பங்கேற்பாளர் எண்டுதான் வரும்."

"அப்ப மத்த ஆறு பேர்?"

"இந்த ஊர்ப் பொம்புளையள்தான்."

"பக்கத்து வளவு யோகம் எத்தினையாம் நம்பர்?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது அம்மா. ரகசியம்."

"ஒண்டு," அக்காவே சொன்னார்.

தர்ஷி குனிந்துகொண்டாள். "சொந்த அம்மாட்ட முதல்ல கேட்டா ஆய்வு ஒரு பக்கம் சாஞ்சிடும் எண்டு புரொபசர் சொன்னவர்..."

"அது சாயாம இருக்கத்தானா நாலு வருசமா வரல்ல?"

அக்கா பேனையை என் கையில் வைத்துவிட்டு எழும்பினார். "நான் விலகுறன்."

"அம்மா! பகிடி விடாதீங்க. உங்களையும் சேத்தாத்தான் எனக்கு ஆள் கணக்குக் காணும்."

"காரணம் சொல்லத் தேவல்ல எண்டு நீதானே வாசிச்ச?" குசினிக்குள் போய்விட்டார்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்களன்!"

நான் சொல்வதா? தோணிக்காரர் முதல் காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர் வரை எத்தனை பேரைக் கேட்டு இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதியிருக்கிறேன். அக்காவிடம் ஒரு நாளாவது கேட்டேனா? தர்ஷியாவது ஏழாவதாகக் கேட்டாள்.

படிப்பு பிள்ளைகளைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறது என்கிறோம். விமானம் பறக்கும் தூரத்தை ஒரு டிக்கெட்டில் கடக்கலாம். கூட நின்று கதிர் பொறுக்கினவள், தெரிந்ததையே தெரியாததுபோல் கேட்கப் பழகுகிறாளே – அந்தத் தூரத்துக்கு எந்த டிக்கெட்?

தர்ஷி அந்த ஏழாம் இலக்கத்தையே பார்த்தபடி இருந்தாள். பிறகு போனை எடுத்தாள், பதிந்ததை அழித்தாள். குசினி வாசலில் போய் நின்றாள்.

"என்ன கறியம்மா?"

"இதுவும் அந்தத் தாளில இரிக்கா?"

"இல்ல. பசிக்குது."

"அப்ப வந்து குந்தித் தேங்காயத் துருவு."

துருவினாள். சிரட்டையும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். "தேங்காய்ப் பூவக் காட்டு... ஐயோ, கறுப்பு! இதுக்கா புள்ள இவ்வளவு படிச்ச?" அக்கா சிரிக்கும் சத்தம் முற்றம் வரை கேட்டது. அதற்குப் பிறகு அவர்கள் கதைத்தது எனக்குக் கேட்கவில்லை. எதிலும் பதியவும் இல்லை.

நேற்றுத் தர்ஷி போன் எடுத்தாள். ஆய்வில் ஆறு பேர்தானாம். ஏழாவது ஆளைப் பற்றி ஒரேயொரு வரி எழுதியிருக்கிறாள்:

விலகிக்கொண்டார். காரணம் கூறப்படவில்லை.