நோவாவின் பின் சீட்

ஹேசல் பார்க் ஊரில் ஆர்வில் டாக்கெட்டின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. சமையலில் உப்புக் கரித்தால் சமைத்தவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். பிரசங்கம் நீண்டால் தேவாலய வாசலில் பாதிரியார் கையைக் குலுக்கிக்கொண்டே சொல்லிவிடுவார். ஒருமுறை சாவு வீட்டுக்குப் போனவர், சவப்பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெயின்ட் அடிச்சவன் அவசரப்பட்டுட்டான், ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கு" என்று செத்தவரின் மகனிடமே சொன்னார். கார் தொழிற்சாலையில் வாழ்நாளெல்லாம் வெல்டிங் வைத்த மனுஷன். தகரத்தில் குறை கண்டால் சும்மா இருக்க அவருக்கு வராது. ஆனால் யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும் கூப்பிடாமலே ஏணியோடு வந்து நிற்பவரும் அவர்தான். அதனால் ஊர் அவரைப் பொறுத்துக்கொண்டது.

அப்பேர்ப்பட்ட வாய்க்கு ஒரே ஒரு சொல் மட்டும் வராது. தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்க வராது. கென்டக்கி மலையிலிருந்து பிழைப்புத் தேடி மிச்சிகன் வந்த குடும்பம் டாக்கெட் குடும்பம். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டுதான் அடுத்தவர் வீட்டில் உட்காருவார்கள். திரும்பத் திரும்ப உபசரித்தால்தான் தட்டைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நார்ப் கிராடோவ்ஸ்கி தன் எழுபத்தொன்றாம் வருஷத்து நோவா காரை ஆர்வில் வீட்டு முன்னால் நிறுத்தி ஹாரன் அடிப்பார். ஒரே தொழிற்சாலையில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள், இப்போது பக்கத்துப் பக்கத்துத் தெரு.

"வரியாடா?"

"வரல. எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு, நீ போ."

சொல்லும்போதே தலையில் தொப்பி இருக்கும், வீட்டுக் கதவு பூட்டியிருக்கும். நார்பின் மனைவி டெல்ஃபின் இறங்கி முன் சீட்டை மடக்கி வழிவிடுவார். "சும்மா ஏறு ஆர்வில். ஐஸ்கிரீம் கடைக்காரன் சாத்திட்டுப் போயிடுவான்." ஆர்வில் முனகிக்கொண்டே ஏறுவார். பின் சீட்டில் வலது மூலை அவருடையது. இடது மூலை அவர் மனைவி ஓபலுடையது. ஓபல் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்ததில்லை. சீட் உறையில் இடது ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு பொத்தல் உண்டு. ஓபலின் சிகரெட் சுட்டது. அன்றைக்கு நார்ப் குதித்த குதியை ஊரே பார்த்தது. இப்போது ஆர்வில் வழியெல்லாம் அந்தப் பொத்தலுக்குப் பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு, நார்ப் கியர் மாற்றுவதைக் குறை சொல்லிக்கொண்டே வருவார். வாரம் முழுக்க அவர் காத்துக் கிடந்தது இந்த ஒரு மதியத்துக்குத்தான்.

நார்ப் இளவட்டமாக இருந்தபோது அந்தக் காரைப் பனிக்காலத்திலும் ஓட்டியவர். சாலையில் கொட்டிய உப்பு அன்றைக்கே தின்ன ஆரம்பித்து, இப்போது பின்சக்கரங்களை உள்ளிருந்து மூடியிருக்கும் தகரக் கூடுகள் இரண்டும் சல்லடையாகிவிட்டன. மழை பெய்தால் டிக்கியில் குளம் கட்டியது. வசந்தம் பிறந்ததும் நார்ப் காரை கராஜுக்குள் ஏற்றி, பின் சீட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துப் போர்வையைப் போர்த்தினார். புதுக் கூடுகள் வந்த ஒரு பெரிய அட்டைப்பெட்டியையும் பிரித்தார்.

"எப்படியும் மாத்தணும். மாத்துறதை அகலமா மாத்திடுவோம் மாப்ளே. நல்லா கொழுத்த டயரா போடலாம். ஆகஸ்ட் மாசம் உட்வர்ட் ரோட்டுக் கார் ஊர்வலத்துல ஒரு பய நம்மளைத் திரும்பிப் பாக்காம போக மாட்டான்."

ஆர்வில் புதுக் கூட்டைத் தூக்கி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பார்த்தார். பழையதைவிட நாலு விரற்கடை உள்ளே தள்ளி வந்தது. அந்தப் பக்கமும் அப்படித்தான் வரும். சீட்டின் இரண்டு மூலைகளும் போச்சு என்று ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. நார்ப் டயரை அளந்திருந்தார், ரிம்மை அளந்திருந்தார், அச்சை இரண்டு தடவை அளந்திருந்தார். கார்ப் பைத்தியம் பிடித்தவன் எவனும் பின் சீட்டை அளந்ததாக இந்த ஊரில் கேள்விப்பட்டதில்லை.

ஆர்வில் வாயைத் திறந்தார்.

"என்னடா?" என்றார் நார்ப்.

"ஒண்ணுமில்ல. தகரம் நல்ல கனம்."

வேலை தொடங்கியது. நார்ப் ஆர்வக் கோளாறில் காரை நடு உடம்பில் முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார். அச்சு அந்தரத்தில் தொங்கியது. ஆர்வில் பார்த்ததும் கத்தினார்.

"வயித்துல முட்டுக் குடுத்துப் பத்தவைக்கிற அறிவாளிய இன்னிக்குத்தான் பாக்குறேன். அச்சுக்கு அடியில குடுடா. கார் தன் கால்ல நிக்கணும். இல்லேன்னா இறக்கி வச்சப்புறம் கதவு சாத்தாது. நீயும் டெல்ஃபினும் ஆளுக்கொரு கதவைக் கையில பிடிச்சுக்கிட்டே ஊர்வலம் போங்க."

நீயும் டெல்ஃபினும் என்று தன் வாயே சொன்னது அவர் காதில் விழுந்தது. நார்ப் காதில் விழவில்லை. அவர் ஜாக்கியைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்தக் கூடு பொருந்தாது, திருப்பி அனுப்பிவிடு என்று ஆர்வில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் பேச்சைத் தட்டி நார்ப் எதுவும் செய்ததில்லை. ஒரு நாள் முழுக்க அந்தப் பொய்யை நாக்கில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். தகரத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. உட்கார்ந்திருக்கிற கிளையையே வெட்டுகிறவன் முட்டாள் என்பார்கள். ஆர்வில் தெரிந்தே, அதுவும் பிசிறில்லாமல் வெட்டினார்.

இங்கே ஒரு வெல்டிங் பொட்டு, அந்தக் கோடியில் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்தார். ஒரே இடத்தில் தொடர்ந்து சூடு ஏறினால் தகரம் அப்பளம் போல நெளிந்துவிடும். ஒவ்வொரு பொட்டுக்கும் பிறகு புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஆறும்வரை காத்திருந்தார்.

"இப்படிப் போனா அடுத்த வருஷ ஆகஸ்ட்தான்," என்று நார்ப் பொறுமை இழந்தார்.

"தகரமும் பொண்டாட்டி கோபமும் தானா ஆறணும். நடுவுல கைய வச்சா உனக்குத்தான் சுடும்."

டெல்ஃபின் தட்டு நிறைய பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டையை வெண்ணெயும் வெங்காயமுமாக வதக்கிக் கொண்டுவந்தார். ஆர்வில் இப்பத்தான் சாப்பிட்டேன் என்றார். டெல்ஃபின் விடாமல் உபசரித்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கராஜ் பூட்டியிருந்தது. அந்த மதியங்களில் ஆர்வில் தன் சமையலறையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இனி இப்படித்தான் என்று பழகிப் பார்த்தார். பழகவில்லை.

கூடுகள் உட்கார்ந்தன. மூட்டுகளில் பசை பூசி, பெயின்ட்டும் அடித்து, கொழுத்த டயர்களும் ஏறிவிட்டன. கடைசியாக நார்ப் போர்வையை உருவிவிட்டுச் சீட்டைத் தூக்கி வந்தார். நேராக வைத்தார், சாய்த்து வைத்தார், முழங்காலால் தள்ளினார். உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுச் சிரித்தார்.

"தொலையட்டும். ரேஸ் காருக்குப் பின் சீட் எதுக்கு? கனம் குறையும்."

வாசலில் நின்ற டெல்ஃபின், "அப்ப ஆர்வில் எங்க உக்காருவான்?" என்றார்.

நார்பின் சிரிப்பு நின்றது. சீட்டைப் பார்த்தார், கூடுகளைப் பார்த்தார், பிறகு ஆர்விலைப் பார்த்தார்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

ஆர்வில் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கென்ன, ஞாயித்துக்கிழமை ஆயிரம் வேலை கிடக்கு."

"ஏன்டா சொல்லல?"

"கேட்டு ஏறுற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல."

நார்புக்கு முகம் சிவந்துவிட்டது. "இத்தனை வருஷமா உன் வீட்டு வாசல்ல ஹாரன் அடிக்கிறேனே, யாருக்குடா அடிச்சேன்? உங்க தெரு நாய்க்கா?" சொல்லிக்கொண்டே வெட்டும் மெஷினைக் கையில் எடுத்தார். "ரெண்டையும் வெட்டி எடுக்கிறேன். பழைய அளவுலயே வாங்கிப் போடுவோம்."

ஆர்வில் ஒரே எட்டில் குறுக்கே வந்து நின்றார். "அந்த வெல்டைத் தொட்டே, கைய முறிச்சுடுவேன். என் ஜென்மத்துல இப்படி ஒண்ணு நான் வச்சதில்ல."

தன்னை வெளியே தள்ளிய தகரத்துக்கே காவல் நின்ற மனுஷனை என்ன செய்வது? ஒருவர் மெஷினோடும் மற்றவர் அழுக்குத் துணியோடும் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"தகரத்தைத் தொடக் கூடாதுன்னா சீட்டை வெட்டுங்களேன்," என்றார் டெல்ஃபின். "ரெண்டு பேருக்கும் சேர்த்து எனக்கு ஒருத்திக்குத்தான் மூளை."

ஆர்வில் சீட்டின் கம்பிச் சட்டத்தை இரண்டு பக்கமும் குறைத்துப் பற்றவைத்தார். ஒரே ஆள், நட்டநடுவில் உட்காரலாம். டெல்ஃபின் உறையைத் தன் தையல் மெஷினில் போட்டு இரண்டு ஓரங்களையும் வெட்டினார். இடது ஓரத்துப் பொத்தல் வெட்டுப்பட்ட துண்டில் போயிருந்தது. அதை எறியாமல், பொத்தலைச் சுற்றிச் சதுரமாகக் கத்தரித்து, நடுவில் ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தார். ஆர்வில் அதைக் கட்டைவிரலால் ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார்.

"தையல் கோணல்," என்றார்.

"தெரியும்," என்றார் டெல்ஃபின்.

ஆகஸ்ட் மாதம், உட்வர்ட் ரோட்டில் பழைய கார்கள் அணிவகுக்கும் நாள் வந்தது. நார்ப் ஹாரன் அடித்தார். ஆயிரம் வேலை கிடக்கிறது என்ற ஆர்வில் தொப்பியோடு ஏறி நடுவில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வந்தன. நார்ப் பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். எப்படித் திருப்பினாலும் அதில் ரோடு இல்லை. ஆர்விலின் முகம்தான் இருந்தது.

"பின்னாடி என்ன வருதுன்னே தெரியலடா."

"நான் வரேன்," என்றார் ஆர்வில். "நீ கியரைப் போடு."