அரைப்புள்ளிக்குப் பின்னால் வந்தவன்

ரவுட்டர் பழுதுபார்க்கும் தொழிலில், நல்ல செய்தியோடு யார் வீட்டுக்காவது போனதாக எனக்கு நினைவில்லை. கோவையில் ஒரு சிறிய இணைய இணைப்பு நிறுவனத்தில் வீடு வீடாகப் போகிற பெண் ஊழியர் நான். டிவிக்குப் பின்னால் பச்சை விளக்கு மினுக்கும் பெட்டியை, மாட்டிய நாளிலிருந்து நீங்கள் தொட்டதே இல்லையென்றால், நான் பட்டதில் பாதியை நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ஆபீசில் ஒரு சோதனை

நாங்கள் ஊரெல்லாம் மாட்டிவைத்திருந்த ஒரு மாடலில் ஓட்டை இருப்பதாக ஒரு நாள் காலையில் தகவல் வந்தது. மேலாளர் செல்வராஜ் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில், லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு முகவரியை அடித்தால், அங்கே போய்வர முடிகிறதா என்று பார்த்துச் சொல்லும். முகவரிக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி போட்டு வேறொரு கட்டளையையும் அடித்தால், யார் சொன்னது என்று கேட்காமல் அதையும் செய்துவிடும். மளிகைக்கடையில் 'அரைக்கிலோ துவரம்பருப்பு. அப்படியே கல்லாச் சாவி' என்று கேட்டால் இரண்டையும் பொட்டலம் கட்டித் தருவது மாதிரி. இதை எந்த ஊரில் இருந்தும் எவனும் செய்யலாம்.

நாங்கள் நம்பவில்லை. ஆபீஸ் ரவுட்டரிலேயே செய்துகாட்டினார். முகவரி, அரைப்புள்ளி, அணைந்து எரியச் சொல்லும் கட்டளை. மாடி முழுக்க இணைப்பு போய்விட்டது. கணக்கு பார்க்கும் சாந்தியக்கா எழுந்து வந்தார்.

"வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுபோச்சுங்களா சார்? நான் பாதி அனுப்பிட்டிருந்த வரிக்கணக்கு எங்க போச்சுன்னும் அப்படியே பார்த்துச் சொல்லிப்போடுங்க."

கொப்பரைக் களம்

உடுமலைப்பேட்டையில் கொப்பரை வியாபாரம் செய்யும் கந்தசாமி, போட்டோ அனுப்ப முடியவில்லை என்று கூப்பிட்டார். வாங்குகிறவர்கள் சரக்கின் படத்தைப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார்கள். சரக்கு களத்தில் கிடக்கிறது, வானம் வேறு மூடிக்கொண்டு வருகிறது. போய்ப் பார்த்தால் பெட்டி தோசைக்கல் மாதிரி சுட்டது. எவனோ அந்தக் கட்டம் வழியாக உள்ளே புகுந்து, வெளிநாட்டில் யாரோ ஒருவருடைய வெப்சைட்டை நெரிசலில் முடக்குவதற்கு இதையும் ஆளாகச் சேர்த்திருந்தான். பெட்டி ராப்பகலாக வெளிநாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

நடந்ததை அவரிடம் சொல்லிக்கொண்டே பெட்டியைத் துடைத்து, புது மென்பொருள் ஏற்றி, பாஸ்வேர்டை மாற்றினேன். முதல் போட்டோ போனது. கந்தசாமி என்னை விட்டுவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு போட்டோ போவ மாட்டேங்குது, அவனுக்கு மட்டும் வெளிநாடு வரைக்கும் போவுது. அவன் என்ன பிளான் போட்டிருக்கறான்னு கேட்டு, அதையே நமக்கும் போட்டுக் குடுங்க அம்மணி."

ஆர்.எஸ்.புரத்துப் பல் டாக்டர்

இங்கே புகுந்தவன் வேறு மாதிரி. ரவுட்டருக்கு வழிகாட்டும் முகவரியை மாற்றிவைத்திருந்தான். வங்கியின் பெயரை அடித்தால், அதே நிறம், அதே சின்னத்தோடு அவன் செய்துவைத்த பக்கம் வந்து நிற்கும். டாக்டர் கிளினிக் ஆட்களுக்குச் சம்பளம் போட உட்கார்ந்தவர், பயனர் பெயரை அடித்துவிட்டு, பாஸ்வேர்டுக்கு முன்னால் கையை எடுத்துவிட்டார்.

நான் போனபோது அவர் கை இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. காத்திருந்த நோயாளி ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். எப்படிச் சார் சந்தேகம் வந்தது என்று கேட்டேன்.

"எங்க பேங்க் பக்கம் ஒரே தடவையில திறந்ததே இல்லைங்க."

அன்னூர் மொட்டைமாடி

அன்னூரில் சரோஜா என்கிற அம்மாவின் வீட்டில், மகள் நித்யாவுக்கு அன்று பதினோரு மணிக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. நர்சிங் முடித்து அவள் பல மாதம் காத்திருந்த வேலை. ஓட்டை வழியாக எவனோ உள்ளே புகுந்திருப்பதைச் சொல்லி, இன்டர்வியூ முடிந்ததும் வந்து சரிசெய்கிறேன் என்றேன். சரோஜாம்மா விடவில்லை. "திருடன் உள்ளார இருக்கறப்ப புள்ள எப்படிங்க பேசுவா? இப்பவே செஞ்சுபோடுங்க."

புது மென்பொருள் பாதி ஏறும்போது கரண்ட் போனது. அந்த நேரத்தில் கரண்ட் போனால் பெட்டி பிழைக்காது. கரண்ட் திரும்ப வந்தும் ஒரு விளக்கும் எரியவில்லை. நித்யா கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

என் போனில் இருந்து இணைப்பு கொடுத்தேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியோரம்தான் இருந்தது. அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் கேமராவுக்குத் தெரியாமல் குடை பிடித்தேன். நடுவில் செல்வராஜ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் பேச்சு அறுந்துவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் வெட்டிவிட்டேன். இன்டர்வியூ முடிந்ததும் நித்யா அழுதாள். குடையை மடக்கத் தோன்றாமல் நானும் நின்றேன்.

மறுநாள் நானே புது ரவுட்டர் கொண்டுபோய் மாட்டினேன். அடுத்த வாரம் சரோஜாம்மா போன் செய்தார்.

"புள்ளைக்கு வேலை கெடைச்சிருச்சுங்க அம்மணி. ஆனா ஒண்ணு, அந்தத் திருடன் இருந்தவரைக்கும் பொட்டி ஒரு நாளும் செத்ததில்லைங்க."

கதவைத் தட்டாமல் உள்ளே போகிறவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தட்டிவிட்டு வெளியே நிற்கிற என்னிடம்தான் அடையாள அட்டை கேட்கிறார்கள்.