அலசல் தண்ணீர் குடித்த பிச்சிக்கொடி

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் சாயம் போடுகிற வீடு ஒன்றுதான். ஆறுமுகச்சாமி நூலுக்குச் சாயம் ஏற்றுவார். அவர் மனைவி வள்ளித்தாய் அலசிக் காயப்போடுவாள். தன்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்ளப் புறவாசலில் ஒரு பிச்சிக்கொடி இருந்தது. விடியுமுன்னே மொட்டுப் பறித்துப் பூக்கடையில் கொடுத்துவிட்டு வருவாள். அந்தக் காசை என்ன செய்கிறாள் என்று கேட்கும் தைரியம் ஆறுமுகச்சாமிக்கு இருந்ததில்லை.

எண்பத்து மூன்றில் மழை ஏமாற்றிவிட்டது. தெருக்குழாயில் குடத்துக்குக் குடம் சண்டை. வள்ளித்தாய்க்கு ஒரு செம்புத் தண்ணீரை வீணாக்க மனசு வராது. நூலை அலசினால் முதல் தண்ணீர் கருநீலமாகப் போகும், அடுத்தது வெளிறும், கடைசி அலசல் தெளிந்து நிற்கும். சாயக்காரர்கள் தண்ணீரை நிறம் பார்த்தே எடை போடுவார்கள். நிறம் போய்விட்டால் அவர்களுக்கு அது நல்ல தண்ணீர். அந்தக் கடைசி அலசலைத்தான் அவள் கொடியின் தூரில் ஊற்றினாள்.

கொடி வாடியது. தண்ணீர் பற்றவில்லை என்று இன்னும் ஊற்றினாள். மண் சதசதவென்று ஈரமாகக் கிடக்க, மேலே இலைகள் ஓரம் கருகித் தொங்கின. இப்படி ஒரு அநியாயம் உண்டா? காலடியில் தண்ணீரை வைத்துக்கொண்டு தாகத்தில் சாகிறது!

ஆறுமுகச்சாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஏட்டி, இது தேறாது. கோயில்ல ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் பாப்பேன். பூக்கலைன்னா தோண்டிப் போட்டுட்டு அங்கன தறி போடக் குழி வெட்டிருதேன்."

வள்ளித்தாய் அடுப்படிக்குப் போய் அழுதாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவள் பேச்சுக்குப் பேச்சு தலையாட்டியது அந்தக் கொடி ஒன்றுதான்.

ஒரு நாள் ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைக்கப் புறவாசலுக்கு வந்தாள். முந்தின நாள் எலுமிச்சம்பழம் நறுக்கி உப்புப் போட்டிருந்தாள். மூடியைத் திறந்தால் துண்டுகள் சுருங்கி, தண்ணீரில் மிதந்தன. அவள் ஒரு சொட்டும் ஊற்றவில்லை; பழத்துக்குள் இருந்ததை உப்பு வெளியே இழுத்திருக்கிறது. வருஷா வருஷம் பார்ப்பதுதான். ஆனால் அன்றைக்கு அவள் கண், ஜாடியிலிருந்து கொடியின் தூருக்குப் போனது. மண்மேல் ஏதோ வெள்ளையாகப் படிந்து பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

சாயம் பிடிக்கத் தொட்டியில் அள்ளி அள்ளிப் போடுகிற உப்பு! கடைசி அலசல் தண்ணீரில் சாயம்தான் இல்லை, உப்பு இருந்தது.

வேருக்கு உறிஞ்ச வாய் கிடையாது. அதன் சாற்றில் மண்ணின் ஈரத்தைவிடக் கொஞ்சம் உப்பும் சத்தும் கூடுதலாக இருப்பதால்தான், மெல்லிய வேர்த்தூவிகளின் தோல் வழியே தண்ணீர் தானாக உள்ளே வருகிறது. மண்ணில் உப்பு ஏறிவிட்டால் வரத்து நின்றுபோகும். இருப்பதும் வெளியே போகப் பார்க்கும். அந்தக் கொடி கிட்டத்தட்ட ஊறுகாய் ஆகிக்கொண்டிருந்தது.

மேல்மண்ணைச் சுரண்டி எறிந்தாள். கருகிய கொம்புகளை நறுக்கினாள். பிறகு குழாயடியில் முதல் ஆளாக நின்று நல்ல தண்ணீராகப் பிடித்து வந்து, உப்பு கரைந்து அடியில் இறங்கட்டும் என்று குடம் குடமாகக் கவிழ்த்தாள்.

"தண்ணி கூடிப்போய்த்தான் அது சாகுதுன்னு ஊரே சொல்லுது, இன்னும் ஊத்துதியே! கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்று கத்தினார் ஆறுமுகச்சாமி.

"நான் ஊத்தல, கழுவுதேன். நீங்க நூலைக் கழுவுத மாதிரி, நான் மண்ணைக் கழுவுதேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு சாயத்தொட்டிப் பக்கம் போனார். அந்தத் தண்ணீருக்காக அவள் குளிப்பதைக் குறைத்துக்கொண்டாள். சோர்ந்துபோன நாளும் உண்டு. வைகாசி கடைசியில் கணுவில் ஒரு பச்சை முளை தெரிந்தபோது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆடித்தபசு அன்று காலை ஆறுமுகச்சாமி கடப்பாரையோடு புறவாசலுக்கு வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷர். தப்பான சொல்லாக இருந்தால் இன்னும் கெட்டியாகக் காப்பாற்றுவார். கொடி நெடுக இளஞ்சிவப்பாக மொட்டு விட்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சாயத்தொட்டியின் அடியிலிருந்து, கொடிப் பக்கம் ஒரு சொட்டும் போகாதபடி, சாக்கடை வரைக்கும் வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தார்.

வள்ளித்தாய் மொட்டுகளைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டு பூக்கடைக்குக் கிளம்பினாள்.

"இன்னைக்குக் கடைக்கு வேண்டாம்," என்றார் அவர், தலை நிமிராமல். "நீ வச்சுக்கோ."