நாற்பது கையெழுத்தும் என் ஈமெயிலும்

நான் ஒரு முட்டாள். வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஆனால் இதுவரை என் முட்டாள்தனம் என்னை மட்டும்தான் கடித்துக்கொண்டிருந்தது. இந்த முறை இன்னொருவரின் பரீட்சையைத் தின்றுவிட்டது.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஊர் விஷயத்தில் அக்கறையே இல்லை' என்று இதே பக்கத்தில் அங்கலாய்த்திருந்தேனே, நினைவிருக்கிறதா? இல்லையென்றால் நல்லது.

அதைப் படித்துவிட்டு ஒரு பெண் திருத்தணியில் என் வீட்டுக்கே வந்தாள். பெயர் கல்பனா. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிற குடும்பம். இங்கே கல்லூரியில் இரண்டாம் வருடம். கையில் ஒரு மனு. காலை பஸ்ஸை முக்கால் மணி நேரம் தள்ளிவைத்துவிட்டார்களாம். தினமும் முதல் வகுப்பு போகிறது. இப்படியே போனால் அட்டெண்டன்ஸ் குறைந்து, பரீட்சை எழுத விடமாட்டார்கள். கீழே நாற்பது பெண்களின் கையெழுத்து.

"நாளைக்கு போக்குவரத்து ஆபீஸ்ல குடுக்கப் போறோம் சார். தப்பு கிப்பு கீதான்னு ஒரு தபா பாத்துக் குடுங்க."

ஒரு தப்பும் இல்லை. அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால்... எழுத்தாளன் ஆயிற்றே!

"காயிதத்தைத் தூக்கிகினு அலையறதெல்லாம் அந்தக் காலம்மா. இப்ப எல்லாம் ஈமெயில்தான்" என்றேன்.

"படிப்பாங்களா சார்?"

"படிக்காம? நேரா பெரிய அதிகாரி டேபிளுக்கே போவும்!"

மனுவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் மூன்று மணி நேரம் ஒற்றை விரலால் தட்டினேன். அவள் எழுதிய ஆறு வரி, என் கைவண்ணத்தில் ஒன்றரைப் பக்கம் ஆனது. 'மக்களாட்சியின் மாண்பு' கூட எங்கோ வந்தது. எழுத்தும் அழகாக இருக்க வேண்டாமா? வளைவும் நெளிவுமாக ஒரு ஃபாண்டைத் தேடிப் பிடித்தேன்.

"சார், இந்த ஃபாண்டு அவங்க கம்ப்யூட்டர்லயும் இருக்கணுமே" என்றார் கடைக்காரர்.

"கவர்மெண்ட்ல இல்லாத ஃபாண்டா?"

அனுப்பினேன். காத்திருந்தோம்.

வாரத்துக்கு ஒருமுறை கல்பனா வந்து, "பதில் வந்துச்சா சார்?" என்பாள். ஜனநாயகத்தில் பொறுமை வேண்டும் என்று நானும் வாரத்துக்கு ஒருமுறை சொன்னேன். நாலாவது வாரம் சொல்லும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

ஆறாவது வாரம் நானே அந்த அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் ஒரு பிரிண்ட் அவுட்டைத் தேடி எடுத்தார். தாள் முழுக்கக் கேள்விக்குறிகள், கட்டங்கள், தலையில் புள்ளி வைத்த ஏதோ வெள்ளைக்கார எழுத்துகள்.

"நீங்க அனுப்பினதா இது? ஆந்திரா பார்டர் பக்கத்துல இருந்து வந்துகீதே, தெலுங்கா இருக்கும்னு தெலுங்கு தெரிஞ்சவர்கிட்ட குடுத்தோம். அவரு ரெண்டு தபா கண்ணாடியைத் தொடைச்சிப் பாத்துட்டு, 'இது எங்க பாஷை இல்லப்பா'ன்னு திருப்பிட்டாரு."

என் அழகு ஃபாண்டு அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

பையில் மடங்கிக் கிடந்த கல்பனாவின் மனுவை எடுத்து நீட்டினேன். நின்றபடியே படித்து முடித்தார்.

"இத அன்னிக்கே குடுத்திருக்கலாமே சார்?"

ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மூன்றே வாரத்தில் பஸ் பழைய நேரத்துக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் அதற்குள் கல்லூரியில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். அட்டெண்டன்ஸ் போதாமல் இந்த முறை பரீட்சை எழுத முடியாதவர்களில் முதல் பெயர் கல்பனா.

பிள்ளைகளுக்கு அக்கறையில்லை என்கிறோம். அவர்கள் வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அதை வாங்கி நம் பையில் போட்டுக்கொண்டு, அவர்களுக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்!

நேற்று கல்பனாவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எதையாவது சொல்லித் தேற்ற வேண்டுமே... "நடந்ததை எல்லாம் பத்திரிகையில எழுதப் போறேன்மா" என்றேன்.

"அதுவாச்சும் படிக்கிறா மாதிரி வருமா சார்?"