பட்ட சுள்ளியும் நில்மினியும்

நனைந்த சுள்ளிக்கு ஒரு மணம் உண்டு... மழை விட்ட பிறகு விறகுக் கொட்டிலுக்குள் வருமே, அது. சண்டைக் காலத்தில் என் பைக்குள் எப்போதும் அந்த மணம்தான்.

எனக்கும் நில்மினிக்கும் ஆய்வுகூடத்தில் ஒரே வேலை. பட்ட சுள்ளிகளில் கசகசா தூவியதுபோல் ஒட்டியிருக்கும் பூஞ்சணங்களை இனம் பிரிப்பது. மைக்ரோஸ்கோப்பில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். டிஎன்ஏ எடுத்து, ஜெல் தட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால்தான் இது வேறு, அது வேறு என்று கோடுகள் காட்டும்.

பார்ப்பவர்களுக்கு நாங்களும் ஒன்றுதான். அவள் தமிழர் நிறைந்த கொட்டாஞ்சேனையில் வளர்ந்த சிங்களப் பெண், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்தவள். ஒரே உயரம், ஒரே பின்னல்... கன்டீன் அண்ணை கடைசிவரை மாற்றித்தான் கூப்பிட்டார்.

ஒருநாள் கிருலப்பனையில் சுள்ளி பொறுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். பிளாஸ்டிக்கில் போட்டால் வியர்த்துப் பழுதாகும் என்று பேப்பரில்தான் சுற்றுவோம். அன்று சுற்றியது என் அறையிலிருந்த தமிழ்ப் பேப்பர்.

செக்பொயின்டில் இறக்கினார்கள். சிப்பாய் என் பையைத் திறந்தான். தமிழ் எழுத்து... யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். வெளியூர்த் தமிழர் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவு எனக்கு முடிந்து, புதியது கைக்கு வரவில்லை. பிடித்தால் நேரே ஸ்டேஷன்தான்.

"மகே," என்றாள் நில்மினி. என்னுடையது.

தன் அடையாள அட்டையை நீட்டினாள். அவன் அட்டையையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தான். அவளோ இரண்டு சுள்ளிகளை அவன் கையில் வைத்து, இது ஒரு இனம், அது வேறு இனம் என்று சிங்களத்தில் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டாள்.

"ரெண்டும் ஒண்டுதானே தங்கச்சி," என்று சிங்களத்தில் அலுத்துப்போய்ச் சொன்னவன், எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். என் அட்டையைக் கேட்கவே இல்லை.

பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"உனக்குப் பயமில்லையே?"

"பயம்தான். நீ வாய் திறந்தா முடிஞ்சுது எண்டுதான் நான் கதைச்சனான்."

அந்தச் சுள்ளிகளின் பூஞ்சணங்கள் ஜெல்லில் இரண்டு இனமாகத்தான் வந்தன. இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் துள்ளினோம்.

இப்போது சுள்ளியில் ஒரு துண்டை வெளி ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டால் முடிவு ஈமெயிலில் வருகிறது. நில்மினி வத்தளையில், நான் கடல் கடந்து. எயார்போர்ட்டில் பையைத் திறந்து யாருடையது என்று கேட்கும்போதெல்லாம், பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது...

பக்கத்திலிருந்து "மகே" என்று ஒரு குரல் வரும் என்று காத்து நிற்கிறேன்.